எம்டன் வந்த இரவும் நாலு நாட்டுச் செய்தித்தாள்களும்

1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு நேரே வந்து நின்று சுட ஆரம்பித்தது. சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றிலும் குண்டு விழுந்தது. சிலர் செத்துப்போனார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ரயிலேறின. உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் இதை நினைவுபடுத்தும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

சென்னைப் பிள்ளைகளுக்கு இது கதையாகத் தெரியும். தாத்தா சொல்லியிருப்பார், அல்லது யாரையாவது ‘அவன் பெரிய எம்டன்’ என்று திட்டும்போது காதில் விழுந்திருக்கும். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் உலகப் போர் முதல் பாடமாகவே வருகிறது. ஆனால் அந்தப் பாடத்தில் வரும் போர் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நடக்கிறது. பாரிமுனையில் விழுந்த குண்டையும் அந்தப் போரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதில்லை. பழைய செய்தித்தாள்கள் அந்த இடைவெளியை நிரப்பும். அவற்றைப் பார்க்க இப்போது யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை. ஒரு கைபேசி போதும்.

நாலு தளங்களைச் சொல்கிறேன். நாலும் இலவசம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்தும் ‘குரோனிக்கிளிங் அமெரிக்கா’ 2007இல் தொடங்கியது, இன்று 2 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் அதில் இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘டிரோவ்’ தளத்தில், காப்புரிமை காரணமாக, பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954 வரைக்கும் உண்டு. நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ இவற்றுக்கெல்லாம் மூத்தது, 2001இலேயே வந்துவிட்டது. நமக்கு மிக அருகில் இருப்பது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் முதல் இதழ்களிலிருந்தே அதில் கிடைக்கிறது. மலாய், சீனப் பத்திரிகைகளும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு.

இந்த நாலிலும் எம்டனைத் தேடச் சொல்வதுதான் பாடம். வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு நாடு என்று கொடுத்துவிடலாம். முதலில் அவர்கள் நிரப்ப வேண்டியது ஒரு சின்ன அட்டவணை. பத்திரிகையின் பெயர், தேதி, எத்தனையாவது பக்கம், செய்தி எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியிட்டு வந்தது, யார் அனுப்பியது, எத்தனை குண்டு, எத்தனை பேர் இறந்தார்கள், என்ன சேதம். நாலு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்க்கும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது. எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா? ஒரே எண் என்றால், நாலு பேர் தனித்தனியே விசாரித்து எழுதியதா, ஒரே தந்தியை நாலு பேரும் அச்சடித்ததா?

இந்தக் கடைசிக் கேள்வி மாணவர்களைத் திடுக்கிட வைக்கும். நாலு சாட்சி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஒரே சாட்சிதான். அன்று பிரிட்டிஷ் பேரரசுக்குள் வெளியூர்ச் செய்தி என்பது பெரும்பகுதி ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் தந்தி. கடலடிக் கம்பி வழியாக லண்டன் போய், அங்கிருந்து பிரிந்து உலகம் முழுக்கப் போகும். போர் தொடங்கிய ஆகஸ்டிலிருந்தே தணிக்கையும் வந்துவிட்டது. ஆகவே சிட்னியிலும் வெலிங்டனிலும் சிங்கப்பூரிலும் ஒரே வாக்கியம் அச்சாகியிருந்தால், அது செய்தி எந்த வழியாகப் பயணம் செய்தது என்பதைக் காட்டுமே தவிர, செய்தி உண்மை என்பதை மும்மடங்கு உறுதிப்படுத்தாது. இன்று வாட்சப்பில் ஒரே தகவல் பத்துக் குழுவில் வருவதைப் பார்த்து ‘எல்லாரும் சொல்றாங்களே’ என்று நம்புகிற பிள்ளைக்கு, இதைவிட நல்ல பயிற்சியை நான் யோசித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்கக் குழுவுக்கு வேறு சுவாரசியம் காத்திருக்கிறது. 1917 ஏப்ரல் வரை அமெரிக்கா போரில் சேரவில்லை. அதனால் அங்கிருந்த பத்திரிகைகள் லண்டன் சொன்னதையும் பெர்லின் சொன்னதையும் இரண்டையும் போட முடிந்தது. ஜெர்மன் மொழியிலேயே அங்கே பல பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. ஒரே தாக்குதலுக்கு ஒருவர் வைக்கும் தலைப்பையும் மற்றவர் வைக்கும் தலைப்பையும் எடுத்து எழுதச் சொல்லலாம். அதே சமயம், பிரிட்டிஷ் பக்கப் பத்திரிகைகள் எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லரை வெறும் கொடியவராக எழுதவில்லை என்பதையும் மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள். பிடித்த கப்பல்களில் இருந்தவர்களை அவர் மரியாதையாக நடத்திக் கரை சேர்த்துவிட்டார் என்பதால், எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கனவான் என்று பாராட்டின. போர்க்காலப் பத்திரிகை என்றாலே பொய்ப் பிரசாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட நினைக்கும் மாணவருக்கு இது ஒரு நல்ல முட்டுக்கட்டை.

அப்புறம் நேரக் கணக்கு. சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதே நாள் காலை 11 மணி. சிட்னியில் மறுநாள் அதிகாலை 2 மணி. அப்படியானால் செப்டம்பர் 23 தேதியிட்ட நியூயார்க் பத்திரிகையும் அதே தேதியிட்ட சிட்னி பத்திரிகையும் சம்பவம் நடந்து எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அச்சேறியவை? சிட்னியின் காலைப் பதிப்பில் அது வந்திருக்க முடியுமா? புவியியல் வகுப்பில் தீர்க்கரேகைக் கணக்கு போட்டு அலுத்துப்போன பிள்ளைகள் இதைப் போட்டி போட்டுச் செய்வார்கள். செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தந்திக் கம்பி எந்தெந்த ஊர் வழியாகப் போயிருக்கும் என்று வரைபடத்தில் குறிக்கவும் சொல்லலாம்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். தேடல் பெட்டி.

குரோனிக்கிளிங் அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டைக் குறித்துவிட்டு ‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்ன வரும்? சட்டை விளம்பரம். ஜன்னல் திரை விளம்பரம். மெட்ராஸ் என்பது அன்றைய அமெரிக்கக் கடைக்காரருக்கு ஒரு துணி. நம் ஊரிலிருந்து போன துணிக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. பத்துப் பக்கம் சட்டையாகவே வரும்போது மாணவர் எரிச்சல்பட்டு விட்டுவிடக் கூடாது. ஆசிரியர் அங்கே நிறுத்தி, இதுவே ஒரு கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டும். குண்டு விழுவதற்கு முன்பே சென்னை அமெரிக்க வீடுகளுக்குள் போயிருக்கிறது, துணியாக. வணிக வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர் எம்டனை அங்கேயே விட்டுவிட்டு அந்த விளம்பரங்களின் பின்னால் போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

‘எம்டன்’ என்று தேடினாலும் சிக்கல் உண்டு. இந்தத் தளங்களில் நாம் தேடுவது செய்தித்தாளை அல்ல, செய்தித்தாளின் படத்தைப் பார்த்து எழுத்துணரி மென்பொருள் ஊகித்த எழுத்துகளை. படமும் பெரும்பாலும் காகிதத்திலிருந்து நேராக எடுத்ததில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்ததை இப்போது மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். மடிப்பில் நிழல் விழுந்திருக்கும், மை பரவியிருக்கும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். ஆங்கிலத்தில் ‘எம்’ என்ற ஒரே எழுத்தை ‘ஐ’, ‘என்’ என்று இரண்டு எழுத்துகளாக மென்பொருள் படித்துவிடுவது சர்வ சாதாரணம். அப்படிப் படிக்கப்பட்ட எம்டன் தேடலில் வராது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும், பட்டியலில் இருக்காது. போதாக்குறைக்கு எம்டன் என்பது ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தின் பெயரும்கூட. அந்த ஊர்ச் செய்தியெல்லாம் சேர்ந்து வரும்.

இதற்கு வழி, ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்காமல் இருப்பது. ‘ஜெர்மன் குரூசர்’ என்று தேடலாம், ‘வங்காள விரிகுடா’ என்று தேடலாம், எண்ணெய்த் தொட்டி என்று தேடலாம். இன்னும் நல்ல வழி, தேடலையே விட்டுவிட்டு ஒரு பத்திரிகையை எடுத்துத் தேதி வாரியாகப் புரட்டுவது. எம்டன் வங்காள விரிகுடாவில் வேட்டையைத் தொடங்கியது செப்டம்பர் 10இல். அது ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு கோகோஸ் தீவில் ஒதுங்கியது நவம்பர் 9இல். இரண்டு மாதம். இந்த இரண்டு மாத இதழ்களின் முதல் பக்கங்களை மட்டும் புரட்டினாலே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத வாசகர் ஒருவர் தினமும் காலையில் எப்படிப் படித்திருப்பார் என்பது புரிந்துவிடும். நமக்கு முடிவு தெரியும். அவருக்குத் தெரியாது. கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது, சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பப் பயப்படுகின்றன, அடுத்து எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்டோபர் 28இல் பினாங்கில் ரஷ்யக் கப்பலும் பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கடிக்கப்படுகின்றன. பினாங்குச் செய்தியை சிங்கப்பூர்ப் பத்திரிகையில் படிக்கும்போது அந்த பயம் இன்னும் பக்கத்தில் தெரியும். பாடநூல் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதப்படுவது. அதனால் அது தர முடியாத ஒன்று இது.

டிரோவில் இன்னொரு வசதி உண்டு. எழுத்துணரி தப்பாகப் படித்ததை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சென்னையில் உட்கார்ந்திருக்கும் மாணவரும் திருத்தலாம். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இதை அன்றாட வேலையாகவே செய்கிறார்கள். வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தி திருத்தச் சொல்லிப் பாருங்கள். வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தும்போதுதான் மாணவர் அந்தச் செய்தியை உண்மையிலேயே படிக்கிறார். இல்லையென்றால் தலைப்பைப் பார்த்து, படம் பிடித்து, விளக்கப்படத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் படம் பிடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தியை மட்டும் வெட்டியெடுத்தால் பக்கம் போய்விடுகிறது. பக்கம் போனால் பாதிச் செய்தி போய்விடுகிறது. சென்னைத் தாக்குதல் முதல் பக்கத்தில் வந்ததா, ஆறாம் பக்கத்தில் கோதுமை விலைக்குக் கீழே வந்ததா? பக்கத்தில் வேறென்ன? ஐரோப்பியப் போர்முனைச் செய்தி எத்தனை பத்தி, சென்னைக்கு எத்தனை அங்குலம்? இதை அளந்து பார்க்கச் சொல்லலாம், ஸ்கேலை வைத்தே. அமெரிக்காவின் ஒரு சிற்றூர்ப் பத்திரிகைக்கு நம் ஊர் எவ்வளவு தூரம் என்பது மைலில் தெரிவதைவிட இந்த அங்குலத்தில் நன்றாகத் தெரியும். விளம்பரம், சந்தை நிலவரம், காணாமல்போன மாடு பற்றிய அறிவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நாள். ஆகவே என் கறாரான விதி ஒன்று: மாணவர் கட்டுரையில் செய்தியை மேற்கோள் காட்டினால், முழுப் பக்கத்தின் படமும் நிரந்தர இணைப்பும் கூடவே இருக்க வேண்டும். பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம், பத்தி எண் எழுதாத மேற்கோளுக்கு மதிப்பெண் கிடையாது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் 1914ஆம் ஆண்டுச் செய்தியை மேற்கோள்குறி போட்டு எழுதிக் கொடுத்துவிடும், அப்படி ஒரு செய்தி அச்சாகவே இல்லாவிட்டாலும். பக்கத்தைக் காட்டு என்று கேட்பது ஒன்றுதான் அதற்குக் காப்பு.

அடுத்தது கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய விஷயம். எம்டன் என்றவுடன் தமிழ்நாட்டில் கூடவே வரும் பெயர் செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்து, இளம் வயதிலேயே ஐரோப்பா போய், அங்கிருந்தபடி இந்திய விடுதலைக்கு உழைத்தவர். அவர் எம்டனில் இருந்தார், சென்னையைத் தாக்கும்போது வழிகாட்டினார் என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் சொல்லப்படுகிறது. மாணவர் யாராவது இதைக் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும். அதையே ஆய்வுக் கேள்வியாக்கிவிடலாம்.

எம்டன் 1914 ஜூலைக் கடைசியில் சீனக் கரையிலிருந்த ஜெர்மானியத் தளமான சிங்தாவிலிருந்து கிளம்பிய கப்பல். செண்பகராமன் அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்துச் செயல்பட்டார், பிறகு பெர்லின் போய் அங்கிருந்த இந்தியர்களுடன் சேர்ந்தார். ஐரோப்பாவின் நடுவில் இருந்தவர் போர்க்காலத்தில் எப்படி, எப்போது கிழக்குக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த கப்பலில் ஏறினார்? மாணவர்கள் நாலு தளங்களிலும் தேடட்டும். எம்டன் கோகோஸ் தீவில் ஒதுங்கிய பிறகு பிடிபட்டவர்களைப் பற்றி ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. தரையில் மாட்டிக்கொண்ட ஒரு பிரிவு ஒரு பாய்மரக் கப்பலில் தப்பி அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்த கதையும் உலகம் முழுக்க அச்சானது. இவ்வளவு எழுதப்பட்ட கப்பலில் ஒரு இந்தியர் இருந்திருந்தால் அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி!

இங்கே ஆசிரியர் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்த வேண்டும். தேடினோம், கிடைக்கவில்லை, ஆகவே பொய் என்று முடித்துவிடுவதும் தப்பு. செய்தித்தாளில் இல்லாதது நடக்காதது ஆகாது. தணிக்கை இருந்தது, மென்பொருள் பெயரைத் தப்பாகப் படித்திருக்கும், ஐரோப்பியர் எழுத்துக்கூட்டிய பெயர் நமக்கே அடையாளம் தெரியாமல் போகும். ஆனால் கப்பல் கிளம்பிய இடம், அவர் இருந்த இடம், பிடிபட்டவர்கள் பற்றிய விரிவான செய்திகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்போது, அந்தக் கதையை நம்புவதற்கு வேறு வலுவான சான்று வேண்டும் என்று எழுதலாம். அதுவே நேர்மையான வாக்கியம். செண்பகராமனின் பெருமை அந்த ஒரு கதையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் பெர்லினில் செய்த வேலைக்குச் சான்று இருக்கிறது. தியாகியின் பெயரைச் சோதிப்பது அவமரியாதை என்று நினைக்கும் பெற்றோரும் இருப்பார்கள், அவர்களிடம் இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

கிடைக்காதது பற்றிப் பேசும்போது, அமெரிக்காவிலிருந்தே ஒரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1892இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தவரான மூன்று கடைக்காரர்களை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. அவர்களுடைய நண்பரான ஐடா பி. வெல்ஸ், தான் பங்குதாரராக இருந்த ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். மே மாதம் அந்தப் பத்திரிகை அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். அந்தப் பத்திரிகையின் ஒரு இதழ்கூட இன்று கையில் இல்லை. கும்பல் எழுப்பிய ஆத்திரக் குரலை அச்சடித்த வெள்ளையர் பத்திரிகைகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவர் எழுதிய வரிகள் பிழைத்ததற்குக் காரணம், அவரைத் திட்டுவதற்காக அந்தப் பத்திரிகைகள் அவற்றை எடுத்துப் போட்டதும், அவரே பிறகு தன் சிறு நூலில் மறுபடி அச்சிட்டதும்தான். வெல்ஸ் அதோடு நிற்கவில்லை. சிகாகோ டிரிபியூன் ஆண்டுதோறும் வெளியிட்ட கொலைப் பட்டியலை எடுத்து, வெள்ளையர் தாங்களே எழுதிய கணக்கை வைத்தே அவர்களுடைய வாதத்தை உடைத்தார். ஒரு பத்திரிகையை அதன் விருப்பத்துக்கு எதிராகப் படிப்பது எப்படி என்பதற்கு, வகுப்பில் காட்ட இதைவிட உயர்ந்த முன்மாதிரி எனக்குத் தெரியாது.

இதேபோல் நமக்கும் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாண அரசு, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது என்று எல்லா மொழிப் பத்திரிகைகளையும் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் படிக்கச் செய்து, முக்கியமென்று தோன்றியதை ஆங்கிலத்தில் சுருக்கி, தொடர்ச்சியாக ரகசிய அறிக்கை தயாரித்தது. ‘சுதேசப் பத்திரிகைகள் பற்றிய அறிக்கை’ என்று ஆய்வாளர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். அசல் இதழே அழிந்துபோன எத்தனையோ தமிழ்ப் பத்திரிகைகளின் குரல் இந்த அறிக்கையில் மட்டும்தான் மிச்சம். கண்காணிக்க எழுதியது இன்று நமக்கு நினைவகமாகிவிட்டது. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் மறக்கக் கூடாதது, எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்தது அரசு என்பதை. அரசுக்கு உறுத்தியது மட்டும் அங்கே இருக்கும். கோயில் திருவிழா, நெல் விலை, கல்யாணச் செய்தி இருக்காது.

சரி, அசல் தமிழ்ப் பத்திரிகைகள்? 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன் எம்டன் வந்த நாளில் சென்னையிலேயே வெளிவந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 1841இலேயே உதயதாரகை வந்துவிட்டது. பழைய இதழ்களைத் தேடுவோருக்கு இன்று மூன்று வாசல்கள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் ஒன்று. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்ததை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்னொன்று. ஈழத்து இதழ்களுக்கு, 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்ட மண்ணில், ஒவ்வொரு இதழாகத் தேடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை வெறும் ‘இணையதளம்’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் ஆங்கிலத் தளங்களைப் போல இங்கே ஒரு சொல்லைத் தட்டி உள்ளே போக முடியாது. பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள் மட்டுமே. எழுத்துணரி கொண்டு படிக்க வைத்தாலும் தமிழ் அதைச் சோதிக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை றா, னா, லை, னை போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம். கிரந்த எழுத்துகள் தாராளமாக வரும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுவதில் ஒழுங்கில்லை. சந்தி சேர்ந்து மூன்று சொல் ஒன்றாகிவிடும். ‘சென்னை’ என்று தேடினால் ‘சென்னப்பட்டணம்’ வராது, ‘மதராஸ்’ வராது, ‘சென்னையிலிருந்து’ வருமா என்பது மென்பொருளைப் பொறுத்தது. எம்டன் என்ற அயல் பெயரை ஒவ்வொரு அச்சுக்கோப்பவரும் எப்படிக் கோத்திருப்பார் என்று யார் சொல்ல முடியும்? தேதியும் சில இதழ்களில் தமிழ்க் கணக்கில் இருக்கும். 1914 செப்டம்பர் என்பது ஆனந்த வருஷம் ஆவணியும் புரட்டாசியும். அறுபது ஆண்டுப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், எந்த ஆனந்த வருஷம் என்று மற்ற செய்திகளை வைத்து உறுதி செய்ய வேண்டும்.

இதைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தேட முடியாது என்பதால் மாணவர் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத் தளத்தில் நாம் கெஞ்சிக் கேட்டுச் செய்ய வைக்கும் முழுப் பக்க வாசிப்பு, தமிழில் வேறு வழியில்லாமல் நடக்கிறது. ஒரு மாத இதழ்களைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் என்னென்ன செய்தி என்று தமிழிலேயே ஒரு பொருளடக்கம் தயாரித்தால் அது வகுப்பு வேலையாகவும் இருக்கும், அடுத்து வருபவருக்குப் பயன்படும் கருவியாகவும் இருக்கும். கல்லூரித் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து முதுகலை மாணவர்களுக்கு இதை ஆய்வேடாகவே கொடுக்கலாம். ஒரு பத்திரிகை, ஒரு ஆண்டு, முழுப் பொருளடக்கம். ஏற்கெனவே பலர் எழுதிய தலைப்பில் இன்னொரு ஆய்வேடு எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நடைமுறை விஷயங்களையும் பார்த்துவிடுவோம். இணைய இணைப்பை நம்பி வகுப்பைத் தொடங்கக் கூடாது. பக்கங்களை முதல் நாளே பதிவிறக்கி, பெரிய தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. செய்தித்தாள் பக்கத்தைக் கைபேசித் திரையில் படிப்பது கண்ணுக்கு வேதனை. எட்டாம் வகுப்புக்கு ஒரு பக்கம் போதும், அதில் பத்து விஷயம் கண்டுபிடிக்கச் சொன்னாலே ஒரு பாடவேளை ஓடிவிடும். நாலு நாட்டு ஒப்பீடு மேல்நிலை மாணவர்களுக்கு. ஆங்கிலம் கடினமாக இருந்தால் பத்தி ஒன்றை மட்டும் எடுத்து எல்லோரும் சேர்ந்து மொழிபெயர்க்கலாம். அன்றைய பத்திரிகைகளில் இந்தியரைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் சீனரைப் பற்றியும் இழிவான சொற்கள் சாதாரணமாக வரும். தமிழ்ப் பத்திரிகைகளில் சாதிப் பெயர்கள் அப்படியே வரும். பிள்ளைகள் முன்னால் திடீரென்று அது திரையில் தோன்றி, ஆசிரியர் தடுமாறக் கூடாது. முன்பே படித்துப் பார்த்து, இதை ஏன் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சொல்லால் காயப்படக்கூடிய பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

எம்டன் சென்னைக்கு உரியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து தொடங்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் அன்று வெள்ளைக்காரர் எழுதியபடி ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், திருச்சிக்கு டிரிச்சினாபொலி, நாகப்பட்டினத்துக்கு நெகபட்டாம், தஞ்சைக்கு டாஞ்சோர். நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களின் வருகை, புறப்பாடு பற்றிய அறிவிப்புகள் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் இருக்கின்றன, தாத்தா எந்தக் கப்பலில் போனார் என்று தெரிந்த குடும்பங்களுக்கு அதுவே ஒரு தொடக்கம். தூத்துக்குடி மாணவர்கள் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906 முதல் 1908 வரை பின்தொடரலாம். ராமநாதபுரத்துக்காரர்கள் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைத் தேடலாம். டிரோவில் கான்பெரா டைம்ஸ் போன்ற சில பத்திரிகைகள் 1954க்குப் பிறகும் கிடைக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் தாத்தா இருந்தார் என்று சொல்லும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நாட்களை, ஜப்பானியர் கட்டுப்பாட்டில் அங்கே வெளிவந்த சியோனான் பத்திரிகையில் அந்தப் பிள்ளை படிக்கலாம். அந்தப் பத்திரிகையை நடத்தியவர் யார், அது யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே கரும்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்.